தோட்டத்து ரோட்டுக்கு எந்த ஆல் வீல் டிரைவ்? தங்கச்சிக்கு ஒரு கடிதம்

அன்புள்ள தங்கச்சி கவிதாவுக்கு,

ஜப்பானிலிருந்து வந்த பழைய கார்களை விற்கும் ரீகான் கடையில் ஒரு ஃபோக்ஸ்வேகன் கோல்ஃப் ஆர் பார்த்துவைத்திருக்கிறாய், புக்கிங் பணம் கட்டலாமா என்று கேட்டிருந்தாய். இப்போதைக்குக் கட்டாதே. அது நல்ல கார், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் நீ இருப்பது பீடோருக்கு வெளியே, செம்பனைத் தோட்டத்துக்குள். மெயின் ரோட்டிலிருந்து வீடு வரை செம்மண். பின் சீட்டில் இரண்டு பிள்ளைகள், முன்னால் முட்டிவலியோடு அம்மா. மாதத்தில் ஓரிரு தடவை தாப்பா வழியாகக் கேமரன் மலைக்கு ஏற வேண்டும். காரை இந்த ரோட்டை வைத்துத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். படத்தையும் குதிரைச் சக்தியையும் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

முதலில் ஒரு விஷயத்தில் நீ தெளிவாக இருக்க வேண்டும். ஆல் வீல் டிரைவ், அதாவது நாலு சக்கரமும் இழுக்கும் அமைப்பு, காரை நகர்த்துவதற்கு உதவும், நிறுத்துவதற்கு உதவாது. மழையில் சந்தியிலிருந்து கிளம்பும்போதும், ஈரமான வளைவிலிருந்து வேகமெடுத்து வெளியே வரும்போதும், செம்மண் ஏற்றத்திலும் அதன் பலன் நன்றாகத் தெரியும். பிரேக் மிதித்த நொடியில் உன் காரும் பக்கத்து வீட்டு மைவியும் ஒன்றுதான். எல்லாக் காருக்கும் நாலு சக்கரத்திலும் பிரேக் இருக்கிறது, பிடிப்பதோ டயர். ரோட்டில் தேங்கிய தண்ணீர்மேல் டயர் மிதக்க ஆரம்பித்தால் நாலு சக்கரமும் சேர்ந்துதான் மிதக்கும். நாலும் இழுக்கும் கார் ஈரத்திலும் வழுக்காமல் வேகமெடுப்பதால், ரோடு எவ்வளவு வழுக்குகிறது என்பதே ஓட்டுபவருக்குத் தெரியாமல் போகும். செம்பனைக் குலை ஏற்றிய லோரிகள் தோட்டத்துச் சேற்றை தார் ரோட்டில் இறக்கிவிட்டுப் போகும் இடங்களில் இது பெரிய ஆபத்து. சட்டப்படி டயரில் 1.6 மில்லிமீட்டர் பூ (வரிப்பள்ளத்தின் ஆழம்) இருந்தால் போதும். நீ 3 மில்லிமீட்டருக்கு வந்ததுமே மாற்றிவிடு.

டயரைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் கோல்ஃப் ஆரை நான் வேண்டாம் என்பதற்கு முதல் காரணமே அதுதான். அந்தக் காரில் பெரும்பாலும் 235/35 ஆர்19 டயர் இருக்கும். 235 என்பது மில்லிமீட்டரில் அகலம். அதில் 35 சதவீதம் பக்கச் சுவரின் உயரம், அதாவது 82 மில்லிமீட்டர். சுபாரு டபிள்யூஆர்எக்ஸில் வரும் 245/40 ஆர்18 டயருக்கு அதுவே 98. மஸ்டா சிஎக்ஸ்-5 டர்போவின் 225/55 ஆர்19 டயருக்கு 124. குழியில் இறங்கும்போது அடியை வாங்கிக்கொள்வது இந்தச் சுவர்தான். அது குட்டையாக இருந்தால் ரிம்முக்கும் குழியின் விளிம்புக்கும் நடுவே டயர் நசுங்கி, உள்ளே நூல் அறுந்து, இரண்டொரு நாளில் பக்கத்தில் முட்டை மாதிரி வீங்கும். வீங்கிய டயரை ஒட்டிப் பயனில்லை, தூக்கித்தான் போட வேண்டும்.

ஆல் வீல் டிரைவ் காரில் ஒரு டயர் போனால் செலவு ஒரு டயரோடு நிற்காது. நாலு டயரின் சுற்றளவும் கிட்டத்தட்ட ஒன்றாக இருக்க வேண்டும். புது டயரில் 8 மில்லிமீட்டர் பூ, மற்ற மூன்றில் 4 மில்லிமீட்டர் என்றால், சின்ன டயர் கூடுதலாகச் சுற்றும். சக்கரம் வழுக்குகிறது என்று கணினி நினைத்துக்கொண்டு கிளட்சைப் பிடித்துக்கொண்டே இருக்கும். நடு டிஃபரன்ஷியலோ (சக்கரங்களுக்குச் சக்தியைப் பங்கிடும் பல் பெட்டி) பின் கிளட்சோ ஓயாமல் சூடாகித் தேய்ந்துபோகும். பூ வித்தியாசம் 2 மில்லிமீட்டருக்குள் இருந்தால் கவலை இல்லை, அதைத் தாண்டினால் நாலையும் மாற்று. 5,000 கிலோமீட்டர் சர்வீஸ் ஒவ்வொன்றுக்கும் டயர்களை முன்பின் இடம் மாற்றிப் போட்டால் நாலும் ஒரே சீராகத் தேயும்.

அடுத்தது, நாலு சக்கரத்துக்கும் சக்தி எப்படிப் போகிறது என்பது. கோல்ஃப் ஆரில் இன்ஜின் குறுக்கே உட்கார்ந்திருக்கும். சாதாரண ஓட்டத்தில் பெரும்பாலும் முன் சக்கரந்தான் இழுக்கும். பின் டிஃபரன்ஷியலுக்கு முன்னால் எண்ணெயில் முங்கிய ஒரு கிளட்ச் தட்டுக் கட்டு உண்டு. ஒரு சின்ன மின் பம்ப் அழுத்தம் கொடுத்து அதை இறுக்கினால்தான் பின் சக்கரத்துக்குச் சக்தி போகும். இதை ஹால்டெக்ஸ் என்பார்கள். மார்க் 7 என்னும் ஏழாம் தலைமுறை கோல்ஃப் ஆரில் உள்ள ஐந்தாம் தலைமுறை ஹால்டெக்ஸில் தனியாக ஃபில்டர் கிடையாது, பம்பின் வாயில் ஒரு சல்லடை மட்டும். தட்டு தேய்ந்த துகள் அந்தச் சல்லடையை அடைத்துக்கொள்ளும், பம்ப் திணறித் திணறிக் கடைசியில் எரிந்துபோகும். டேஷ்போர்டில் ஒரு விளக்குகூட எரியாமல் கார் முன் சக்கர வண்டியாகிவிடலாம். மூன்று வருஷத்துக்கு ஒரு தடவை எண்ணெய் மாற்ற வேண்டும், அது ஒரு லிட்டர்கூடப் பிடிக்காது. மாற்றும்போது பம்பையும் கழற்றிச் சல்லடையைக் கழுவ வேண்டும். பல இடங்களில் எண்ணெயை மட்டும் மாற்றிவிட்டு அனுப்பிவிடுவார்கள். பம்பைக் கழற்றத் தெரிந்த ஒர்க்‌ஷாப் நம் பக்கத்து டவுன்களில் எத்தனை இருக்கிறது என்று நீயே யோசித்துப் பார்.

டபிள்யூஆர்எக்ஸ் வேறு மாதிரி. அதில் நாலு சக்கரமும் எப்போதும் வேலை செய்யும். மேனுவலில் முன்னும் பின்னும் பாதிப் பாதி. சிவிடி ஆட்டோ கியரில் முன்னுக்கு 45, பின்னுக்கு 55. ஈர ரோட்டில் ஸ்டீயரிங் கையில் நிதானமாக நிற்பது இந்த அமைப்பின் அழகு. மழைக்கால கேமரன் ரோட்டுக்கு இதைவிட மனசுக்குப் பிடித்த கார் எனக்கு வேறில்லை. நாலு கதவு, தாராளமான பின் சீட்டு, பெரிய பூட். ஆனால் தரையோடு தாழ்ந்த கார். தோட்டத்து ரோட்டில் மழை அரித்த வாய்க்காலைக் குறுக்கே கடக்கும்போது முன் பம்பரின் அடி உரசும். அம்மாவும் குனிந்து இறங்கி உட்கார வேண்டியிருக்கும்.

டொயோட்டா ஜிஆர் யாரிஸை நீ கேட்கவில்லை, இருந்தாலும் யாராவது சொல்வார்கள். இரண்டு கதவு, நாலு சீட்டு. குழந்தை இருக்கை 2020 ஜனவரி 1 முதல் நம் நாட்டில் கட்டாயம். இரண்டு கதவுக் காரில் அதைத் தினமும் மாட்டிக் கழற்றினால் உன் இடுப்பு போய்விடும். விட்டுவிடு.

என் தேர்வு சிஎக்ஸ்-5 2.5 டர்போ, ஆல் வீல் டிரைவ். 2019 இறுதியில் இங்கே வந்தது. 420 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை, அதுவும் 2,000 சுற்றிலேயே கிடைப்பதால் மலை ஏற்றத்தில் இன்ஜின் கத்தாது. அதன் ஆல் வீல் டிரைவும் தேவைப்படும்போது பின்னுக்குச் சக்தி அனுப்பும் வகைதான். ஆனால் வெளி வெப்பநிலை, வைப்பர் ஓடுகிறதா என்பதையெல்லாம் பார்த்து, வழுக்குவதற்கு முன்பே தயாராகிவிடும். கெடா கூலிமில் பொருத்தப்பட்ட கார் என்பதால் சாமான் கிடைப்பதும் சுலபம். வளைவில் டபிள்யூஆர்எக்ஸ் தரும் சுகம் இதில் வராது, உயரமான காருக்கு அது முடியாது. ஆனாலும் கால் வைத்தால் பாயும். அம்மா நேராக ஏறி உட்காரலாம்.

பெட்ரோல் கணக்கையும் பார். அந்த மஸ்டா இன்ஜின் ரோன்95 பெட்ரோலிலேயே முழு மனதோடு ஓடும்படி செய்தது. 2025 செப்டம்பர் இறுதியில் தொடங்கியபோது புடி95 என்ற அரசு மானியத் திட்டத்தில் அந்தப் பெட்ரோல் லிட்டர் 1.99 வெள்ளி, மாதம் 300 லிட்டர் வரை. கோல்ஃப் ஆருக்கு ரோன்98 ஊற்றச் சொல்கிறார்கள். இங்கே ரோன்97-ஆவது ஊற்ற வேண்டும், அதற்கு மானியம் கிடையாது. டபிள்யூஆர்எக்ஸுக்கு ரோன்95 கீழ் வரம்பு, வெயிலில் மலை ஏறுவதென்றால் 97 நல்லது. ரோடு டேக்ஸில் மட்டும் கோல்ஃப் ஜெயிக்கும். 1,984 சிசிக்கு வருஷம் 372 வெள்ளி. டபிள்யூஆர்எக்ஸின் 2,387 சிசிக்கு 767. சிஎக்ஸ்-5 எஸ்யூவி கணக்கில் வருவதால் 2,488 சிசிக்கு 830.40. இந்த வித்தியாசம் ஒரு டயர் வீங்கினாலே சரியாகிவிடும்.

இன்சூரன்ஸ் எடுக்கும்போது வெள்ளத்துக்கான ஸ்பெஷல் பெரில்ஸ் கேட்டுச் சேர்த்துக்கொள். சாதாரண முழுக் காப்புறுதியில் அது வராது.

இப்போது பழைய சிஎக்ஸ்-5 டர்போ பார்க்கப் போனால் என்ன செய்வது என்று சொல்கிறேன். இன்ஜின் ஆறியிருக்கும்போது போ, முன்பே ஸ்டார்ட் செய்து வைக்க வேண்டாம் என்று சொல்லிவிடு. கைவிளக்கை இன்ஜினின் பின்பக்கம், டர்போ உட்கார்ந்திருக்கும் இடத்தில் அடித்துப் பார். சிலிண்டர் ஹெட்டும் எக்ஸாஸ்டும் சேரும் இடத்தில் கூலண்ட் கசிவது இந்த இன்ஜினின் தெரிந்த நோய். காய்ந்துபோன கூலண்ட் கறையோ, ஓட்டி நிறுத்திய பின் இனிப்பான வாடையோ இருந்தால் திரும்பி வந்துவிடு. ஹெட்டில் வெடிப்பு என்றால் ஹெட்டையே மாற்ற வேண்டிவரும். கூலண்ட் தொட்டியில் அளவு குறைந்திருந்தால் ‘இப்போதுதான் குறைந்தது’ என்பதை நம்பாதே.

பிறகு ஒரு சமமான, காலியான இடத்தில் ஸ்டீயரிங்கை முழுக்க ஒடித்து, மெதுவாக ஒரு வட்டம் அடி. வலப்பக்கம் ஒன்று, இடப்பக்கம் ஒன்று. ரேடியோ, ஏர்கான் இரண்டையும் அணைத்துவிடு. டக் டக் என்று கேட்டால் டிரைவ் ஷாஃப்டின் மூட்டு போய்விட்டது. யாரோ பின்னாலிருந்து பிடித்து இழுப்பதுபோல் கார் தடங்கினாலோ, டயர் கீச்சிட்டாலோ, பின்னால் முனகினாலோ, ஆல் வீல் டிரைவ் கிளட்ச் விடாமல் பிடிக்கிறது. ஹோண்டா சிஆர்-வியில் இந்த முனகல் பெரும்பாலும் பழைய எண்ணெயால் வருவது, எண்ணெய் மாற்றினால் போய்விடும். மற்ற கார்களில் அவ்வளவு சுலபமாக விடாது.

காரைத் தூக்கி அடியில் பார்க்கச் சொல். கியர்பாக்ஸோடு ஒட்டி, எக்ஸாஸ்டின் சூட்டிலேயே கிடக்கும் ஒரு சின்னப் பெட்டிதான் சக்தியைப் பின்னுக்குத் திருப்புகிறது. அதிலும் பின் டிஃபரன்ஷியலிலும் தலா அரை லிட்டர் அளவுதான் எண்ணெய். அவ்வளவு குறைவு என்பதால் கொஞ்சம் கசிந்தாலே உள்ளே பல் தேய்ந்துவிடும். முந்தைய சர்வீஸ் ரசீதில் இந்த இரண்டும் ஒரு தடவைகூட இல்லாவிட்டால் விலையில் பேசு. வாங்கின வாரத்திலேயே இரண்டையும் மாற்று, கியர் எண்ணெயையும் பிரேக் எண்ணெயையும் சேர்த்து. பிரேக் எண்ணெய் காற்றில் உள்ள ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். தானா ராத்தாவிலிருந்து தாப்பா வரை வளைந்து வளைந்து இறங்கும்போது அது கொதித்தால் பெடல் பஞ்சு மாதிரி இறங்கும். இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை டாட் 4 மாற்று. இறங்கும்போது மேனுவல் முறையில் கியரைக் குறைத்து, இன்ஜினை வைத்துப் பிடி.

இவ்வளவுக்குப் பிறகும் மனசு கோல்ஃபில்தான் என்றால், ஜப்பானில் ஏலம் விட்டபோது காரின் நிலையை எழுதிய அசல் ஏலத் தாளைக் கேள். அதில் ஆர் அல்லது ஆர்ஏ என்று தரம் போட்டிருந்தால் அடிபட்டுச் சரிசெய்த கார். ஓடின தூரத்தைச் சேசிஸ் எண் வைத்துச் சரிபார். ஜப்பானின் பனிப் பிரதேசத்தில் உப்பு தூவிய ரோட்டில் ஓடியிருந்தால் அடியில் போல்ட்டெல்லாம் துருப்பிடித்திருக்கும். ரேடியோவும் 76 முதல் 95 மெகாஹெர்ட்ஸ் வரைதான் பிடிக்கும். கோலாலம்பூர் போனால் 99.3-இல் ராகா கேட்காது, அதற்குத் தனியாக ஒரு கன்வெர்ட்டர் போட வேண்டும்.

எந்தக் கார் வாங்கினாலும் இழுத்துப்போகும் லோரிக்காரரின் நம்பரை இப்போதே வைத்துக்கொள். முன் சக்கரத்தை மட்டும் தூக்கி, பின் சக்கரம் ரோட்டில் உருள இழுத்தால் ஆல் வீல் டிரைவ் கிளட்ச் எரிந்துவிடும். முழுக் காரையும் மேலே ஏற்றும் ஃபிளாட்பெட் லோரிதான் வேண்டும். நம் டவுனில் அது எல்லாரிடமும் இருக்காது. பெயர் மாற்றத்துக்கு புஸ்பாகோம் வாகனச் சோதனை மையத்தில் பி5, லோன் என்றால் கூடவே பி7 சோதனை. அங்கேயும் இது ஆல் வீல் டிரைவ் என்று பிரேக் உருளையில் ஏற்றும் முன்பே சொல்லிவிடு.

சிஎக்ஸ்-5 ஏதாவது கண்ணில் பட்டால், நாலு டயரின் பக்கத்திலும் உள்ள நாலு இலக்க எண்ணைப் படம் எடுத்து அனுப்பு. 2323 என்றால் 2023-இன் 23-ஆவது வாரத்தில் செய்த டயர். நாலும் ஒரே பிராண்டா, ஒரே வயசா என்று பார்த்துவிட்டு, விலையில் எவ்வளவு குறைத்துக் கேட்கலாம் என்று சொல்கிறேன்.

அன்புடன்,
அண்ணன்