டெஸ்டர் எரியாத பெல்

பிராம்ப்டன், கனடா,
தை மாதம்

அன்புள்ள அப்பாவுக்கு, வணக்கம்.

உங்கள் கடிதம் போன வாரம் கிடைத்தது. தீபாவளிக்குப் பிறகு ஒரு வரிகூட வரவில்லை என்று அம்மா வருத்தப்பட்டதாக எழுதியிருந்தீர்கள். தப்புதான். இங்கே இன்று மைனஸ் 18. மேல்வீட்டுப் பஞ்சாபிப் பாட்டி அடிக்கடி கடுகுக்கீரை மசியலும் மக்காச்சோள ரொட்டியும் கொடுத்தனுப்புகிறார். சாப்பாட்டுக்குக் குறைவில்லை என்று அம்மாவிடம் சொல்லுங்கள்.

இங்கே விற்கும், கேமரா வைத்த வீடியோ பெல்லை அங்கே மாட்டலாமா என்று மச்சான் கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். பாட்டி வீட்டு வாசலில் இருப்பதும் கம்பியில் ஓடும் அதே வகைதான். டிசம்பர் முழுக்கத் தகராறு. அதைப் பார்த்தபோது புரிந்ததை எழுதுகிறேன்.

நம் ஊர் டிங்-டாங் பெல் நேரே 230 வோல்ட்டில் ஓடுவது. இங்கே பெல் கம்பியில் வருவது 16 வோல்ட் ஏசிதான். கீழ்த்தளத்தில் மெயின் போர்டு பக்கத்தில் உள்ளங்கை அளவு டிரான்ஸ்ஃபார்மர் ஒன்று 120-ஐ 16 ஆக்குகிறது. பெல் கம்பியில் உங்கள் நியான் டெஸ்டர் எரியவே எரியாது, மல்டிமீட்டர்தான் வேண்டும். இன்னொன்று, இங்கே கறுப்பு ஃபேஸ், வெள்ளை நியூட்ரல். கறுப்பை நியூட்ரல் என்று பழகிய கைக்கு இது பெரிய ஆபத்து.

பாட்டி வீட்டுப் பெல்லில் பகலில் படம் நன்றாக வரும். இருட்டியதும் தானாக அணைந்து அணைந்து எழும். பட்டனை அழுத்தினால் படம் அறுந்துவிடும். உள்ளே இருக்கும் மணிப்பெட்டி எந்நேரமும் இரைந்துகொண்டிருக்கும். முதல் இரண்டுக்கும் காரணம் கரண்ட் பற்றாக்குறை. ராத்திரியில் கேமரா இன்ஃப்ராரெட் விளக்கைப் போடுவதால் கூடுதலாக இழுக்கிறது. மணி அடிக்க வேண்டுமானால் பெல், கம்பி மாட்டியிருக்கும் தன் இரண்டு ஸ்க்ரூவையும் உள்ளுக்குள் ஷார்ட் செய்கிறது. அந்த நொடியில் அதற்கே சப்ளை இல்லை, உள்ளே இருக்கும் சின்ன பேட்டரியில்தான் ஓட வேண்டும். லித்தியம் பேட்டரிக்கு 0 டிகிரிக்குக் கீழே சார்ஜ் ஏற்றக் கூடாது என்பதால் பெல் அதை நிறுத்தி வைக்கிறது. கோடையில் தெரியாத குறை பனியில் வெளியே வந்தது அதனால்தான்.

அளப்பதில்தான் பலரும் ஏமாறுகிறார்கள். பெல்லைக் கழற்றிவிட்டு வெறும் கம்பியில் வைத்தால் மீட்டர் 17 காட்டியது. லோடு இல்லாமல் எந்த நோஞ்சான் டிரான்ஸ்ஃபார்மரும் நல்ல வோல்ட்டேஜ் காட்டும், உங்களுக்குத் தெரியாததா. ராத்திரியில் பெல் ஓடும்போதே அதன் பின்பக்க ஸ்க்ரூவில் அளந்தால் 11. டிரான்ஸ்ஃபார்மர் 10 விஏ (வோல்ட்டை ஆம்பியரால் பெருக்கிய அளவு), அதாவது 16 வோல்ட்டில் 0.6 ஆம்பியர். பழைய மணிக்கு அது போதும். கேமராவுக்கு 16 வோல்ட், 30 விஏ வேண்டும்.

கம்பியின் நீளத்தைக் குறை சொல்ல முடியாது. 20 கேஜ் கம்பி, போக வர 30 மீட்டர், மொத்தம் ஒரு ஓம்தான். அரை ஆம்பியருக்கு அரை வோல்ட் இறங்கும், அவ்வளவே. ஆனால் ஸ்க்ரூவில் மாட்டியிருந்த நுனி பச்சை பூத்திருந்தது. ஓர் அங்குலம் வெட்டிப் புதிதாகச் சீவி முறுக்கியதிலேயே ஒரு வோல்ட் திரும்பி வந்தது. இரைச்சலுக்குக் காரணம் மணிப்பெட்டிக்குள் இருந்தது. ‘டிரான்ஸ்’, ‘ஃப்ரண்ட்’ என்ற இரண்டு ஸ்க்ரூவுக்கும் குறுக்கே மாட்டும் பவர் கிட் என்ற சின்னத் துணைக்கருவி ஒரு பக்கம் கழன்றிருந்தது. அது இல்லாவிட்டால் கேமராவின் கரண்ட் முழுக்க மணியின் காயில் (கம்பிச் சுருள்) வழியாகப் போகும், சுருள் அதிரும். டிரான்ஸ்ஃபார்மரை லைசன்ஸ் உள்ள எலக்ட்ரீஷியன் வந்து மாற்றினார். இப்போது ராத்திரியிலும் 16-க்குக் கீழே இறங்குவதில்லை.

இனி மச்சானுக்கு. இந்த வகையை அங்கே பழைய பெல் பாயின்ட்டில் நேராக மாட்டிவிடக் கூடாது. 230 பட்டால் அந்த நிமிடமே கருகிவிடும், தொடுகிறவருக்கும் ஆபத்து. கடையில் மூன்று கம்பி வெளியே வரும் 12-0-12 டிரான்ஸ்ஃபார்மரைத்தான் முதலில் எடுத்து நீட்டுவார்கள், வேண்டாம். ஓரக் கம்பிகள் இரண்டுக்கும் நடுவே 24. நம் தெருவில் ராத்திரி 250 வரும்போது அது 26-ஐத் தாண்டும். பெரும்பாலான பெல்களுக்கு 24-தான் உச்சம். 9-0-9, 2 ஆம்பியர் வாங்கினால் 18 வோல்ட், 36 விஏ. நடுக் கம்பிக்கு டேப் சுற்றி விட்டுவிடலாம். மணிப்பெட்டி இல்லாமல் கட்டுவதானால் பெல்லோடு வரும் தாளைப் படித்தே ஆக வேண்டும். சில மாடலுக்கு வரிசையில் ஒரு ரெசிஸ்டர் போடாவிட்டால் முதல் அழுத்தத்திலேயே உள்ளே எரிந்துவிடும்.

இவ்வளவு சிரமத்துக்கு, அடாப்டரோடு வரும் வீடியோ டோர் போனை அங்கேயே வாங்குவதுதான் நல்லது என்று எனக்குத் தோன்றுகிறது. ரிப்பேருக்கும் ஆள் கிடைப்பார். மச்சான் தப்பாக நினைக்காதபடி நீங்களே சொல்லுங்கள்.

நம் வீட்டுக்கு பெல்லே தேவைப்பட்டதில்லை. கேட் கொண்டிச் சத்தத்தை வைத்தே வந்தது யார் என்று அம்மா அடுப்படியிலிருந்து சொல்லிவிடுவாள். இங்கே நான் இருக்கும் கீழ் வாசலுக்கு பெல் கிடையாது. வைத்துத் தரட்டுமா என்று பாட்டி கேட்டார். வேண்டாம் என்றேன்.

அம்மாவின் கண் ஆபரேஷனை இனியும் தள்ளிப்போட வேண்டாம், மாசியிலேயே தேதி வாங்கிவிடுங்கள். இந்த மாதப் பணம் 10-ஆம் தேதிக்குப் பதில் 20-ஆம் தேதி வரும், கவலைப்பட ஒன்றுமில்லை. மொட்டை மாடி ஒழுக்கைக் கொத்தனாரிடம் காட்டி, ஓடு பதிக்காமல் பூச்சு மட்டும் போட்டால் எவ்வளவு ஆகும் என்று கேட்டு எழுதுங்கள். சொசைட்டியில் இருக்கும் அக்கா வளையலை இப்போது மீட்க வேண்டாம். வட்டியை மட்டும் கட்டிப் புதுப்பித்துவிட்டு, ரசீதை அம்மாவின் பீரோவில் வையுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மகன்