பழைய நோட்டுக்கு லட்சம் கிடைக்கும்னு இனிமே போடாதீங்க சார்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன வாரம் உங்க பேப்பர்ல 'பீரோவுல பழைய நோட்டு இருக்கா, நீங்களும் லட்சாதிபதி'ன்னு ஒரு செய்தி வந்துச்சே, அத படிச்சுட்டுதான் எழுதறேன். நான் பேங்க்ல கேஷியரா இருந்து ரிட்டயர் ஆனவன், வெளிநாட்டு பழைய நோட்டு சேக்கறவன்னு எங்க தெருவுக்கே தெரியும், அதனால இந்த மாதிரி செய்தி வந்தா போதும், டிராக்டர் படம் போட்ட அஞ்சு ரூபாய எடுத்துகிட்டு ஆளுங்க வாசல்ல வந்து நிக்கறாங்க, சார் இது எத்தன லட்சம் போகும்னு. ஒருத்தர் யாரோ ஆன்லைன் ஆசாமிக்கு பதிவு கட்டணம், வரின்னு காச கட்டிட்டே வந்தாரு, பாவம். ரிசர்வ் பேங்க் 2021 ஆகஸ்ட்லயே சொல்லிடுச்சு, எங்க பேர சொல்லி பழைய நோட்டு, காயினுக்கு கமிஷன் வரி கேட்டா நம்பாதீங்க, நாங்க இந்த வியாபாரமே பண்றதில்லன்னு. அத ஓரமா ஒரு பெட்டிச்செய்தியா போட்டிருக்கலாமே?

நான் சேக்கறது ஐரோப்பாவுல இருந்த யுகோஸ்லாவியாவோட தினார் நோட்டு. அந்த நாடே இப்ப இல்ல. ஸ்லோவேனியா, குரோஷியா, போஸ்னியா, மாசிடோனியான்னு ஒவ்வொண்ணா பிரிஞ்சு போக, மிச்சம் இருந்த செர்பியாவும் மாண்டினீக்ரோவும் அந்த பேர 2003 வரைக்கும் வச்சுகிட்டு இருந்தாங்க, அப்புறம் அதுவும் போச்சு. செல்லாத நோட்டு, அதுவும் இல்லாத நாட்டோடது, இத எதுக்கு காசு குடுத்து வாங்கறீங்கன்னு என் வீட்டம்மாவே கேப்பாங்க.

என் ஆல்பத்துல எல்லாரும் முதல்ல பாக்க கேக்கறது 1993ல அடிச்ச 50 ஆயிரம் கோடி தினார் நோட்டு. 5 போட்டு பக்கத்துல 11 சைபர். அதுல இருக்கறவரு யோவான் யோவனோவிச் ஸ்மாய், தொழில் டாக்டரு, ஆனா செர்பியால குழந்தைங்களுக்கு பாட்டு எழுதினவருன்னு சொன்னாதான் தெரியும். அதே வருஷத்து ஆயிரம் கோடி நோட்டுல நிக்கோலா டெஸ்லா, கரண்ட்டு விஷயத்துல பெரிய ஆளு. இந்த டெஸ்லா அமெரிக்கால இருந்தப்ப ஸ்மாயோட கவிதைய இங்கிலீஷ்ல மொழிபெயர்த்திருக்காரு, ரெண்டு பேரும் பின்னால ஒரே வருஷத்துல கோடி கோடியா நோட்டுல வந்து உக்காந்துட்டாங்க.

இப்ப கணக்குக்கு வருவோம், என் தொழில் புத்தி விடாது. போர் நடக்குது, 1992ல இருந்து ஐநா தடை, ஏற்றுமதி இல்ல, வரி வரல, செலவுக்கு என்ன பண்றது, நோட்ட அடிச்சு தள்ளுனாங்க. அடிக்க அடிக்க விலை ஏறுது, ஏற ஏற இன்னும் அடிக்கறாங்க. 1993 அக்டோபர்ல ஆறு சைபர வெட்டுனாங்க, 10 லட்சம் பழைய தினார் ஒரு புது தினார். அதுவும் பத்தல. 1994 ஜனவரி 1 அன்னிக்கு ஒன்பது சைபர், அதாவது 100 கோடிக்கு ஒண்ணு. அப்ப நம்ம 50 ஆயிரம் கோடி நோட்டு வெறும் 500 தினார். அந்த ஜனவரி ஒரு மாசத்துல மட்டும் விலைவாசி 31 கோடி சதவீதத்துக்கு மேல ஏறுச்சு, எழுத்துப்பிழை இல்ல சார், கோடிதான். ஜனவரி 24 அன்னிக்கு அவ்ராமோவிச்சுன்னு ஒரு வயசான பொருளாதார நிபுணர் போட்ட திட்டத்துல மறுபடியும் ஒரு புது தினார் வந்துச்சு, ஜெர்மனில அப்ப இருந்த பணம் மார்க், ஒரு மார்க்குக்கு ஒரு தினார்னு கட்டிப்போட்டாரு, ஜனவரி 1 அன்னிக்கு வந்த தினார்ல சுமார் 1 கோடியே 30 லட்சம் குடுத்தா இதுல ஒண்ணு. பேப்பர் பேனா எடுத்து போட்டு பாத்தேன், ஒரே ஒரு மார்க் வேணும்னா 50 ஆயிரம் கோடி நோட்டு 26 ஆயிரம் குடுக்கணும். 260 கட்டு! கேஷ் கவுண்டர்ல உக்காந்தவனுக்குதான் தெரியும் அது எவ்ளோ நேரம் எண்ற வேலைன்னு.

இந்த நோட்டு இன்னிக்கு என்ன விலைன்னா, குடும்பத்தோட ஹோட்டலுக்கு போய் சாப்பிடற காசுக்குள்ள நல்ல கண்டிஷன்லயே கிடைக்கும், இதோட சின்ன நோட்டுங்க இன்னும் மலிவு. ஏன்னா அவ்வளவு அடிச்சிருக்காங்க. பழசுங்கறதுக்காக ஒரு நோட்டுக்கு விலை வராது, கொஞ்சமா இருக்கணும், தேடறவன் நிறைய இருக்கணும், மடிப்பு இல்லாம இருக்கணும். இந்த மூணு வரிய உங்க நிருபர் எழுதியிருந்தா எங்க தெருவுல ஒருத்தர் காசு தப்பிச்சிருக்கும்.

எனக்கு என்னவோ இந்த கோடி நோட்டுங்கள விட அதுக்கு முந்தின சோஷலிச காலத்து நோட்டுதான் பிடிக்கும். 1955ல வந்த 1000 தினார்ல அரசன் இல்ல, தலைவர் இல்ல, ஆரிஃப் ஹெராலிச்சுன்னு போஸ்னியால இருக்கற செனிட்சா ஊர் இரும்பாலைல உலை முன்னாடி நின்ன ஒரு தொழிலாளி, சிரிச்ச முகம். பேப்பர்க்காரங்க எடுத்த போட்டோ அப்படியே நோட்டுக்கு போயிருச்சு. அவரு முகம் நாடு முழுக்க எல்லார் பாக்கெட்லயும் இருந்துச்சு, அவரு பாக்கெட்டுதான் காலி, 1971ல வறுமையிலதான் செத்தாரு. நிறைய பேரு அவர அலியா சிரோட்டானோவிச்சுன்னு நெனச்சுகிட்டு இருந்தாங்க, அவரு வேற, 1949ல நிலக்கரி வெட்டுறதுல சாதனை பண்ண சுரங்கத் தொழிலாளி, அவருக்கு 1987ல 20 ஆயிரம் தினார் நோட்டு கிடைச்சுது. அதிபர் டிட்டோ படம் கூட அவரு 1980ல செத்ததுக்கு அப்புறம் 1985லதான் 5000 தினார்ல வந்துச்சு, இத நம்மூர்ல சொன்னா சிரிப்பாங்க.

அந்த நோட்டுல இன்னொண்ணு, நம்ம ரூபாய்ல மொழிகள வரிசையா போட்ட மாதிரி அங்கயும் போட்டிருப்பாங்க, செர்போ குரோஷியன் மொழிய சிரிலிக், லத்தீன்னு ரெண்டு எழுத்துலயும், அப்புறம் ஸ்லோவேனியன், மாசிடோனியன். 1992க்கு அப்புறம் அடிச்சதுல அந்த ரெண்டு மொழியும் காணோம். நாடு உடைஞ்சத என் பேரனுக்கு இந்த ரெண்டு நோட்ட பக்கத்துல பக்கத்துல வச்சுதான் காட்டுனேன், மேப்ல காட்டினத விட டக்குனு பிடிச்சுகிட்டான்.

அதனால என் கோரிக்கை, உங்க ஞாயிறு சிறுவர் இணைப்புல வாரம் ஒரு நோட்டு போடுங்க. சோவியத் ரூபிள் இருக்கு, அதுல 15 மொழி. செக்கோஸ்லோவாக்கியா இருக்கு, 1993ல பிரிஞ்சப்ப புது நோட்டு ரெடி ஆகாம பழைய நோட்டுலயே ஸ்டாம்ப் ஒட்டி ஓட்டுனாங்க ரெண்டு நாடும். விஷயத்துக்கு பஞ்சமே இல்ல. என்கிட்ட இருக்கறத போட்டோ எடுத்து நானே அனுப்பறேன், காசு ஒண்ணும் வேணாம், விலை என்னன்னு மட்டும் தலைப்புல போடாதீங்க.

அப்புறம் அந்த செய்தில போட்டிருந்த படத்துல நோட்ட லேமினேட் பண்ணி வச்சிருந்தாங்க. தயவுசெஞ்சு யாரும் அப்படி பண்ணாதீங்க, செல்லோடேப்பும் ஒட்டாதீங்க, அயர்ன் பண்ணாதீங்க, சாதா பிவிசி கவரும் வேணாம், நாளாக ஆக நோட்டுல பிசுபிசுன்னு ஒட்டும். பிவிசி இல்லாத ஆல்பம் கவர்னு கேட்டு வாங்குங்க.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கேஷியர் ஒருவர்,
கோவில்பட்டி