காரங்காட்டுச் சிலந்தி: வயிற்றுப் பக்கப் படம் தேவை

வணக்கம். ஞாயிறு காலை ராமநாதபுரம் மாவட்டம் காரங்காட்டில் அலையாத்தி ஓரம் பார்த்த வட்டவலைச் சிலந்தி ஆர்கியோப்பி வகைதான். வலை நடுவே பெருக்கல் குறி போல வெள்ளை நூல் தையல். கால்களை இரண்டிரண்டாகச் சேர்த்து அதன் மேலேயே தலைகீழாகத் தொங்கியது. பார்த்தால் அந்த வகையில் அனசூயா என்ற இனம் போலத்தான் இருக்கிறது. ஆனால் முதுகுப் படத்தை மட்டும் வைத்து மாவட்டத்துக்குப் புதுப் பதிவு என்று குதிக்க முடியாது. வளர்ந்த பெண் சிலந்தியின் அடிவயிற்றில் உள்ள இனப்பெருக்க உறுப்பைப் பார்த்துத்தான் இனத்தை உறுதி செய்வார்கள். குஞ்சுகள் கணக்கில் சேராது.

மண்டபம், தொண்டி, வாலிநோக்கம் பக்கம் யார் பார்த்தாலும் முதுகு, வயிறு, வலை மூன்றையும் எடுங்கள். அப்புறம், வாட்ஸப்பில் படமாக அனுப்பினால் ஜிபிஎஸ் இடக்குறிப்பு போய்விடும், டாக்குமென்ட்டாக அனுப்புங்கள். பிடித்து டப்பாவில் அடைக்க வேண்டாம், சரியா?