தேக்கை எப்போது வெட்டுவது என்றும் எழுதுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழில் தேக்கு வளர்ப்பு பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். நடவு, தண்ணீர், உரம் எல்லாம் விளக்கமாக இருந்தது. நெருக்கம் குறைய இடையில் சில மரங்களை வெட்டி எடுப்பதை, அதாவது மரம் கலைப்பதைப் பற்றி மட்டும் ஒரு வரி கூட இல்லை. அதில் பட்டவன் நான், அதனால்தான் எழுதுகிறேன்.

எனக்கு ஒரத்தநாடு பக்கம். 2003-ல் ஒரு ஏக்கரில் ஆறரை அடிக்கு ஒன்றாக ஆயிரம் நாற்றுக்குச்சி ஊன்றினேன். ஐந்தாம் வருஷமே கிளையோடு கிளை முட்டியது. ஒன்று விட்டு ஒன்று எடுத்துவிடு தம்பி என்றார் ஊர்ப் பெரியவர் ஒருவர், பக்கத்துக் கொல்லைக்காரர் அப்படியே செய்தார், எனக்குத்தான் தண்ணீர் தூக்கி ஊற்றி வளர்த்ததை வெட்ட மனசு வரவில்லை. வெளிச்சத்துக்குப் போட்டி போட்டு எல்லாம் நெடுநெடுவென்று ஒல்லியாகப் போயின. 2018 நவம்பரில் கஜா புயல் வந்தது. விடிந்து போய்ப் பார்த்தால் முக்கால்வாசி இடுப்பளவில் ஒடிந்து ஒன்றின் மேல் ஒன்றாகக் கிடக்கிறது. அறுத்தால் நடுவில் கொஞ்சம்தான் வைரம் பாய்ந்த கெட்டிக் கட்டை, மீதியெல்லாம் வெளுத்த மென்கட்டை. பந்தல் காலுக்கும் விறகுக்கும் போனது. பக்கத்துக் கொல்லையிலும் சேதம்தான், ஆனால் பாதிக்கு மேல் நின்றது, இன்று ஒவ்வொன்றும் நிலைக்கதவுக்கு ஆகிற மரம்.

முறையாக வெட்டினால்தான் மரம் தேறும் என்பது காட்டுக்கும் பொருந்தும். கப்பலுக்கும் ரயில் பாதைக்கும் ஆனைமலைத் தேக்கை வெட்டிச் சரிவில் உருட்டிவிட்ட இடம்தான் டாப்சிலிப், பெயரே அதனால் வந்தது. அங்கே வன அதிகாரியாக வந்த ஹியூகோ வுட் வெட்டுவதை அடியோடு நிறுத்தவில்லை, அடிக்கட்டையை விட்டு வெட்டி அதிலிருந்து துளிர்க்க வைத்தார், போகிற வழியெல்லாம் கைத்தடியால் குழி போட்டு விதையும் ஊன்றினார் என்பார்கள். 1933-ல் இறந்தவரின் கல்லறை அந்தத் தேக்குகளுக்கு நடுவிலேயே இருக்கிறது.

மரம் வேண்டும் தொழிற்சாலைகள் காட்டை நம்பாமல் விவசாயிகளிடம் வாங்க வேண்டும் என்று 1988 வனக் கொள்கை சொல்லிவிட்டது. எதை எப்போது வெட்டுவது என்று வகுத்த பணித்திட்டம் இல்லாமல் காட்டில் வெட்டக்கூடாது என்று 1996-ல் கோதவர்மன் வழக்கில் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. சரி, அப்புறம் மரம் எங்கிருந்து வரும்? நம் கொல்லையிலிருந்துதான் வர வேண்டும், ஆனால் தூத்துக்குடித் துறைமுகத்தில் ஈக்வடார் தேக்கும் பனாமா தேக்கும் வந்து இறங்குகிறது. நம்மிடம் நிலமும் வெயிலும் இருந்தும் இப்படி ஆவது எனக்கு வயிற்றெரிச்சலாக இருக்கிறது.

அதனால் அடுத்த இதழிலாவது எந்த வருஷம் எத்தனை மரம் எடுக்க வேண்டும், எடுத்த சின்னக் கழியை யாரிடம் விற்பது, பட்டா நிலத்துத் தேக்குக்கு எந்தக் காகிதம் வேண்டும் என்று விவரமாகப் போடுங்கள். ஒடிந்த மரத்தில் ஒரு வில்லை அறுத்து வைத்திருக்கிறேன். முதல் ஐந்து வளையம் விரல் அகலம், அப்புறம் வந்ததெல்லாம் நூல் நூலாக நெருங்கிக் கிடக்கிறது. படம் எடுத்து அனுப்புகிறேன், கட்டுரையோடு அதையும் போடுங்கள்.

இப்படிக்கு,
தேக்கு விவசாயி ஒருவர், ஒரத்தநாடு