முன்னால் ஓடுபவரைக் குறை சொல்வதற்கு முன்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

42.195 கிலோமீட்டர் ஓட்டமான மாரத்தானின் உலக சாதனைகள் பற்றி அன்பர் ஒருவர் சென்ற ஞாயிறு வாசகர் பகுதியில் எழுதியிருந்ததைப் படித்தேன். காசு கொடுத்து அமர்த்திய பேஸர்களை, அதாவது வேண்டிய வேகத்தைப் பிடித்துக்கொடுக்கும் துணை ஓட்டக்காரர்களை, முன்னால் ஓடவிட்டு, அவர்கள் முதுகுக்குப் பின்னால் ஒளிந்து ஓடி எடுக்கும் நேரத்தைச் சாதனை என்று ஏற்கக் கூடாது என்பது அவர் வாதம். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் பேஸர் வைத்துவிட்டால் சாதனை தானாக மடியில் வந்து விழும் என்று அவர் நினைப்பதை என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. சாதனை முயற்சிகள் பல சிக்கலுக்கு உள்ளாவதே இந்தப் பேஸர் விஷயத்தில்தான்.

2018 செப்டம்பர் 16 அன்று பெர்லினில் கென்ய வீரர் எலியுட் கிப்சோகே 2 மணி 1 நிமிடம் 39 விநாடியில் ஓடி முடித்தார். டென்னிஸ் கிமெட்டோ அதே நகரில் 2014இல் படைத்த 2:02:57 என்ற சாதனை 78 விநாடி வித்தியாசத்தில் உடைந்தது. நேரத்தைப் பார்த்தால் எல்லாம் திட்டமிட்டபடி நடந்த மாதிரி தெரியும். நடந்தது வேறு. அன்று அவருக்கென்று இருந்த மூன்று பேஸர்களில் இருவர் 15 கிலோமீட்டரிலேயே முடியாமல் ஒதுங்கிவிட்டார்கள். மிஞ்சிய ஜோஸ்பாட் போயிட் 25 கிலோமீட்டர் வரை தாக்குப்பிடித்தார். அப்புறம் மிச்சமிருந்த 17 கிலோமீட்டரையும் கிப்சோகே ஒற்றை ஆளாகத்தான் ஓடினார். முதல் பாதி 61:06, இரண்டாம் பாதி 60:33.

அன்பர் இதையே தன் பக்கத்துக்குச் சாட்சியாகக் காட்டலாம்: பேஸர் இல்லாமலே முடிகிறதே என்று. சரி, முடிந்தது. கிப்சோகேயால் முடிந்தது. அவரை வைத்து மற்றவர்களுக்குச் சட்டம் எழுத முடியாது.

அந்தப் பேஸர்கள் ஏன் அவ்வளவு சீக்கிரம் ஒதுங்கினார்கள் என்பதை யோசித்துப் பார்க்க வேண்டும். அன்றைய சராசரி வேகம் ஒரு கிலோமீட்டருக்கு 2 நிமிடம் 53 விநாடி. அதாவது மணிக்கு ஏறக்குறைய 21 கிலோமீட்டர். அந்த வேகத்தில் சைக்கிள் மிதித்தாலே முகத்தில் காற்று அடிக்கும். அந்தக் காற்றை நெஞ்சில் வாங்கிக்கொண்டு, கடிகாரத்தையும் கவனித்துக்கொண்டு, ஒரு விநாடி கூடாமல் குறையாமல் 30 கிலோமீட்டர் ஓட வேண்டும் என்றால் அதற்கு எப்படிப்பட்ட ஆள் வேண்டும்? அரை மாரத்தானை 61 நிமிடத்தில் முடிப்பவர் பெரும்பாலான நாடுகளில் தேசிய அளவில் முதலிடத்தில் இருப்பார். பேஸரிடம் நாம் கேட்பது, அந்த 61 நிமிடத்தையும் ஓடிவிட்டு நிற்காமல் இன்னும் ஒன்பது கிலோமீட்டர் ஓடு, அப்புறம் ஓரமாய் ஒதுங்கிப் போ என்பதைத்தான். அவ்வளவு திறமை உள்ளவர் வேறொரு நகரத்தில் தன் பெயருக்கே ஓடிப் பரிசு வாங்கப் போய்விடுவாரே! அதனால் கிடைப்பவர்கள் தங்கள் எல்லையின் விளிம்பில் ஓடுகிறவர்கள். ஒருநாள் வயிறு சரியில்லை, கால் கனக்கிறது என்றால் 15 கிலோமீட்டரில் முடிந்தது கதை.

எல்லையைத் தாண்டி வந்தவர்களும் உண்டு. 2003இல் பெர்லினில் பால் டெர்காட் 2:04:55 என்று உலக சாதனை படைத்தபோது, ஒரே ஒரு விநாடி பின்னால் வந்தவர் சாமி கோரிர். கோரிர் அன்று பேஸராக அமர்த்தப்பட்டவர்! அதே பெர்லினில் 2000இல் பேஸராக வந்த சைமன் பிவோட் பந்தயத்தையே வென்றுவிட்டுப் போனார். ஒளிந்துகொள்ள இடம் தருவதாக அன்பர் சொல்லும் அந்த முதுகு, கடைசிவரை விட்டுக்கொடுக்காமலும் ஓடும்.

வேகம் கூடிப் போவதும் ஒரு சிக்கல்தான். 2022 பெர்லின் பந்தயம் நமக்கு ஞாயிறு பிற்பகல். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கண்ணைச் சுழற்றும் நேரம். பாதித் தூரத்தில் கிப்சோகேயின் நேரம் 59:51 என்று திரையில் வந்ததும் எனக்குத் தூக்கம் போய்விட்டது. இரண்டு மணிக்குள் வந்துவிடுவாரோ! வரவில்லை. இரண்டாம் பாதிக்கு 61:18 ஆனது. மொத்தம் 2:01:09, தன் பழைய சாதனையை 30 விநாடி குறைத்தார் என்றாலும், அவ்வளவு வேகமாகத் தொடங்காமல் இருந்திருந்தால் 2:01க்குள் வந்திருப்பார் என்பது என் கணிப்பு. நிரூபிக்க வழியில்லை, ஆனால் அடுத்த ஆண்டு நடந்ததைப் பாருங்கள். 2023 அக்டோபர் 8 அன்று சிக்காகோவில் கெல்வின் கிப்டம் முதல் பாதியை 60:48இல் நிதானமாகக் கடந்தார். 30 கிலோமீட்டருக்குப் பிறகுதான் உடன் ஓடியவரை விட்டுப் பிரிந்தார். 30இலிருந்து 35 வரையிலான ஐந்து கிலோமீட்டரை 13:51இல் ஓடினார். இரண்டாம் பாதி 59:47, மொத்தம் 2:00:35. நான்கே மாதத்தில் கார் விபத்தில் 24 வயதில் அவர் போய்ச் சேர்ந்தது இன்னமும் மனத்தை உறுத்துகிறது.

அன்பரோடு நான் ஒத்துப்போகும் இடமும் உண்டு. 2019 அக்டோபரில் வியன்னாவில் கிப்சோகே 1:59:40இல் ஓடியதை நானும் சாதனைக் கணக்கில் சேர்க்க மாட்டேன். 41 பேஸர்கள் முறைவைத்து உள்ளே வந்து வெளியே போனார்கள். முன்னால் போன வாகனம் சாலையில் லேசர் கோடு போட்டுக் காட்டியது. போட்டிக்கு வேறு ஆள் இல்லை. உலகத் தடகள அமைப்பும் அதைச் சாதனையாக ஏற்கவில்லை. பேஸர் என்றால் துப்பாக்கி வெடிக்கும்போதே மற்றவர்களோடு புறப்பட வேண்டும், நடுவழியில் புதிதாக வந்து சேரக் கூடாது. விதியே அப்படி இருக்கும்போது பேஸர் ஏமாற்று வேலை என்று சொல்வதில் பொருளில்லை. பெண்கள் ஓட்டத்தில் ஆண்கள் வேகம் பிடித்துக் கொடுப்பது தனி வழக்கு. அதற்குத்தான் இன்று ஆண்களோடு கலந்து ஓடிய சாதனை, பெண்கள் மட்டுமே ஓடிய சாதனை என்று இரண்டாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள்.

நம்மூருக்கு வருவோம். கோலாலம்பூரின் புழுக்கத்தில் உலக சாதனை பற்றி யாரும் கனவு காண்பதில்லை. விடிவதற்கு முன்பே புறப்பட்டாலும் பத்தாவது கிலோமீட்டரில் சட்டை நனைந்துவிடும். ஆனால் இங்கேயும் முதுகில் நேரம் எழுதிய கொடியைக் கட்டிக்கொண்டு பேஸர்கள் ஓடுகிறார்கள், நானும் ஓடியிருக்கிறேன். தைப்பூசத்தில் காவடிக்கு முன்னால் போகும் உறுமி மேளக் குழுவை நினைத்துக்கொள்ளுங்கள். அவர்கள் அவசரப்பட்டால் பின்னால் பாரம் சுமப்பவர்தான் தள்ளாடுவார். நான் ஓடிய ஒரு பந்தயத்தில் (எது என்று சொல்ல வேண்டாம்) நான்கரை மணி நேரக் கொடியோடு ஓடியவர் கிலோமீட்டருக்கு 6:24 என்று போக வேண்டியதை மறந்து, ஆறு நிமிடத்துக்கும் குறைவாக இழுத்துக்கொண்டு போனார். மேடு வந்தபோதும் குறைக்கவில்லை. அவரை நம்பிப் பின்தொடர்ந்தவர்களில் பாதிப் பேர் 30 கிலோமீட்டரில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நடந்தார்கள். அவரோ குறித்த நேரத்துக்கு முன்பே வந்து பதக்கத்தோடு படம் எடுத்துக்கொண்டிருந்தார். அன்று எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. பேஸர் என்ற ஏற்பாட்டின் மீதல்ல, அதை அலட்சியமாகச் செய்தவர் மீது.

இதில் உங்கள் விளையாட்டுப் பக்கத்தின் மீதும் எனக்கு ஒரு குறை உண்டு. பெரிய மாரத்தான் செய்தி வரும்போதெல்லாம் வென்றவர் பெயர், நேரம், ‘சாதனை நழுவியது’ என்ற ஒரு வரி, அவ்வளவுதான். ஏன் நழுவியது? பேஸர் எத்தனையாவது கிலோமீட்டரில் விலகினார்? முதல் பாதி எவ்வளவு, இரண்டாம் பாதி எவ்வளவு? இவை தெரிந்திருந்தால் அன்பர் இப்படி ஒரு கடிதத்தை எழுதியிருக்க மாட்டார் என்றே நினைக்கிறேன். ஐந்து ஐந்து கிலோமீட்டராக நேரத்தை ஒரு சின்னக் கட்டத்தில் போடுங்கள். பேஸரின் பெயரையும் அவர் எதுவரை ஓடினார் என்பதையும் சேருங்கள். இடம் போதாது என்றால், வென்றவர் நாடாவை மார்பில் தாங்கிக்கொண்டு வரும் அந்தப் படத்தைக் கொஞ்சம் சிறிதாக்கினால் போகிறது.

இப்படிக்கு,
செந்தூல் வாசகர்,
கோலாலம்பூர்.