கட்டியக்காரன் வாயால் கணக்கும் வரட்டும்: கூத்து ஜமாக்களுக்கு ஒரு திறந்த மடல்

வேலூரும் ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் ஒன்றாக இருந்த பழைய வடாற்காட்டின் ஜமா என்னும் கூத்துக் குழுக்களின் வாத்தியார்களுக்கும், வேடக்காரர்களுக்கும், மத்தளம், முகவீணை, ஆர்மோனியக் கலைஞர்களுக்கும் வணக்கம்.

வரும் பங்குனியில் பாரதக் கூத்துப் பருவம் தொடங்கும்போது, ஊருக்கு ஓர் இரவு வீதம் ஆடி, போருக்குத் தப்பி வந்து நம் பக்கத்து முகாம்களில் வாழும் இலங்கைத் தமிழர் வீட்டுப் பிள்ளைகளின் கல்லூரிக் கட்டணத்துக்குப் பணம் திரட்டலாம் என்று உங்களில் சிலர் பேசி வருவதை அறிந்து மகிழ்ந்தேன். நான் வேடமிட்டுக் கட்டை கட்டி ஆடியவன் அல்லன். பல ஆண்டுகளுக்கு முன் இதே நோக்கத்தோடு நடந்த ஒரு கூத்தில் ரசீதுப் புத்தகம் எழுதியவன். அந்த இரவு நடந்ததைச் சொல்லிவிட்டு என் வேண்டுகோளுக்கு வருகிறேன்.

விடியற்காலையில் ஒப்பனைக் கொட்டகைக்குப் பின்னால் கோரைப்பாய் விரித்துப் பணத்தை எண்ணினோம். தேங்காய் எண்ணெய் தேய்த்து அரிதாரத்தை அழித்துக்கொண்டிருந்த துரியோதனன், ஒரு கண்ணில் மை கலையாமலே, "எவ்வளவு தேறிச்சு சார்?" என்று இரண்டு முறை கேட்டார். நல்ல தொகைதான் தேறியிருந்தது. ஆனால் பந்தல், மைக் செட், சீரியல் விளக்கு, விருந்தினருக்குச் சால்வை என்று விழாக் குழுவினர் கழித்துக்கொண்டே வந்ததில் பாதிகூட மிஞ்சவில்லை. மிஞ்சிய பணத்துக்குப் பிளாஸ்டிக் வாளிகள் வாங்கி, முகாம் பிள்ளைகளை மேடையில் வரிசையாக நிறுத்திக் கொடுத்துப் படம் எடுத்துக்கொண்டார்கள். துரியோதனனுக்குக் கிடைத்தது பஸ் செலவு. கூட்டம் கலைந்த பிறகு ஓர் அம்மா என்னிடம் வந்து, "வாளி எங்களிட்ட இருக்குது அண்ணை, பிள்ளைக்கு ஃபீஸ் கட்டத்தான் வழியில்லை" என்றார். அவரிடம் சொல்ல என்னிடம் பதில் இல்லை. ரசீதுப் புத்தகத்தைப் பைக்குள் வைத்துக்கொண்டேன்.

அந்த மக்கள் யாரென்று உங்களுக்குத் தெரியும். 1983 ஜூலைக் கலவரத்துக்குப் பிறகு தொடங்கிய வருகை, 2009இல் போர் முடியும் வரை அலை அலையாக நீண்டது. 2021இல் அரசு அகதி முகாம் என்ற பெயரை மறுவாழ்வு முகாம் என்று மாற்றியது. அதே ஆண்டு நவம்பரில் நம் வேலூர் மாவட்டத்து மேல்மொணவூர் முகாமில்தான் 3,510 புதிய வீடுகள் கட்டும் திட்டத்தை முதலமைச்சர் தொடங்கிவைத்தார். குடும்பத் தலைவருக்கு மாதம் 1,500 ரூபாய் என்று உதவித்தொகையும் உயர்த்தப்பட்டது. ஆனால் பெயின்ட் வேலைக்குப் போகும் தகப்பனின் தினக்கூலியும் இந்த உதவித்தொகையும் சேர்ந்தாலும், பிள்ளையின் பொறியியல் படிப்புக்கோ செவிலியர் படிப்புக்கோ போதாது. ஆகவே நீங்கள் தேர்ந்த நோக்கம் சரியானது. பணம் எந்த வழியில் போய்ச் சேரும் என்பதில்தான் எனக்குக் கவலை.

கலைஞர்கள் அகதிகளுக்காக மேடையேறியதில் உலகறிந்த நிகழ்ச்சி ஒன்று உண்டு. 1971இல், இன்று வங்கதேசமாக இருக்கும் கிழக்குப் பாகிஸ்தானிலிருந்து ஏறத்தாழ ஒரு கோடிப் பேர் இந்தியாவுக்குள் வந்தபோது, சிதார் மேதை ரவிசங்கர் கேட்டுக்கொண்டதால், பீட்டில்ஸ் இசைக்குழுவில் இருந்த ஜார்ஜ் ஹாரிசன் ஆகஸ்ட் 1ஆம் தேதி நியூயார்க்கில் ஒரே நாளில் இரண்டு கச்சேரிகளை நடத்தினார். நுழைவுச்சீட்டு வசூலான ஏறத்தாழ 2,43,000 டாலர் விரைவிலேயே ஐ.நா.வின் குழந்தைகள் அமைப்பான யுனிசெஃபிடம் சேர்ந்தது. ஆனால் இசைத்தட்டிலும் திரைப்படத்திலும் வந்த பெருந்தொகை, வரிவிலக்குக்கு முன்கூட்டியே விண்ணப்பிக்காத காரணத்தால், அமெரிக்க வரித்துறையின் பிடியில் ஆண்டுக்கணக்கில் கிடந்தது. அந்த அகதிகளில் பெரும்பாலோர் 1972இலேயே நாடு திரும்பிவிட்டார்கள். அவ்வளவு பெரிய மனிதர்களுக்கே தாள் வேலை தவறியிருக்கிறது என்றால், நாம் மத்தளத்தில் கை வைப்பதற்கு முன்பே அதை முடித்துக்கொள்வதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. துபாயிலிருந்தும் கனடாவிலிருந்தும் நம் ஊர்க்காரர்கள் அனுப்புகிறேன் என்பார்கள். வெளிநாட்டுப் பங்களிப்புச் சட்டத்தின் அனுமதி இல்லாத ஒரு குழு, அவர்களில் வேறு நாட்டுக் குடியுரிமை பெற்றவர்கள் ஆர்வத்துடன் தந்தாலும், அயல்நாட்டு நன்கொடையைத் தன் கணக்கில் வாங்கக் கூடாது. முகாமுக்குள் செல்வதற்கு மாவட்ட நிர்வாகத்தின் அனுமதியும் முன்னதாகவே கையில் இருக்க வேண்டும்.

சம்பளம் வாங்காமல் ஆடுவோம் என்று சில ஜமாக்கள் சொல்வதாகவும் கேள்விப்பட்டேன். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். ஆண்டின் சில மாதங்களில் ஆடும் இரவுகள்தான் உங்கள் வீட்டில் ஆண்டு முழுவதும் உலை வைக்கின்றன. 2020இல் பங்குனியும் சித்திரையும் ஊரடங்கில் போனபோது கலைஞர்கள் பட்ட பாட்டை ஊரே பார்த்தது. அச்சாரம் எப்போதும்போல் ஊர்க்காரர்கள் தரட்டும். பந்தலும் மைக்கும் அவர்கள் செலவாகவே இருக்கட்டும். தட்டில் விழும் பணத்திலிருந்து ஒரு ரூபாயும் அதற்குப் போக வேண்டாம். தன் பங்காகக் கொடுக்க விரும்பும் வேடக்காரர், மற்றவர்களைப் போலத் தட்டில் போட்டு ரசீது வாங்கிக்கொள்ளட்டும்.

கணக்குச் சொல்வதற்கு நம் கூத்தில் ஏற்கெனவே ஆள் இருக்கிறார். கதையை நடத்திச் செல்லும் கட்டியக்காரன், யார் எவ்வளவு அன்பளிப்புத் தந்தார் என்று கூவுவது நமக்குப் பழக்கம்தான். விடியும்போது மங்களம் பாடுவதற்கு முன், அன்றைய வரவு எவ்வளவு, இதுவரை சேர்ந்தது எவ்வளவு, எந்தக் கல்லூரிக்கு எவ்வளவு கட்டணம் கட்டப்பட்டது என்பதையும் அவரே, பிள்ளையின் பெயரைச் சொல்லாமல், கூவிச் சொல்லட்டும். பணம் நேரே கல்லூரிக்குப் போகட்டும். யாருக்கு முதலில் என்று முடிவு செய்யும் இடத்தில் முகாம்வாசிகள் இருவராவது உட்கார வேண்டும்.

கர்ணன் கதை போட்டால் தட்டு நிறையும் என்று ஒரு வாத்தியார் சொன்னாராம். நிறையத்தான் செய்யும். ஆனால் கர்ணனிடம் வருபவன் யாசகன். முகாமில் இருப்பவரை அந்த இடத்தில் நிறுத்த எனக்கு மனம் ஒப்பவில்லை. நாடிழந்து, பெயரை மறைத்து, விராடன் அரண்மனையில் பீமன் சமையல்காரனாகவும் நகுலன் குதிரைக்காரனாகவும் உழைத்த கதையை ஆடுங்கள். அதைப் பார்ப்பவர்களுக்குத் தனியாக விளக்கம் தேவைப்படாது.

இன்னொன்று. கூத்து அவர்களுக்கும் சொந்தம். மட்டக்களப்பில் வடமோடி, தென்மோடி என்று இரு மரபுகள் உண்டு, வட்டக்களரி என்னும் வட்டமான ஆடுகளத்தில் ஆடுவார்கள், நாம் வாத்தியார் என்பவரை அங்கே அண்ணாவியார் என்பார்கள். முகாம்களில் உள்ள முதியவர்களில் சலங்கை கட்டியவர் யாராவது இருக்கிறாரா என்று விசாரித்து, இருந்தால் ஓர் இரவேனும் அவருக்குக் களரியை விட்டுக்கொடுங்கள். பிள்ளைகள் மேடையில் நிற்காமல் முன்வரிசையில் உட்கார்ந்து பார்க்கட்டும்.

ரசீதுப் புத்தகம் எழுத ஆள் வேண்டுமென்றால் சொல்லி அனுப்புங்கள், இரவு முழுவதும் விழித்திருந்து எழுதுகிறேன். வாளி வாங்கும் வேலையை மட்டும் என்னிடம் தர வேண்டாம்.

இப்படிக்கு,
பாலாற்றங்கரையிலிருந்து ஒரு கூத்து ரசிகன்