டோல்பாடர்ன் உத்திரங்கள்

அன்புள்ள நண்பனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. முழங்கால் அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு மீண்டும் மாடிப்படி ஏறுகிறாய் என்று படித்ததும் நிம்மதியடைந்தேன். மகள் வீட்டிலிருந்து சென்ற வாரம் வட வேல்ஸுக்குப் போய், மூன்று நாட்கள் கோட்டைகளைப் பார்த்து வந்தோம். கட்டடப் பொறியாளனான உனக்குத்தான் இதை முதலில் எழுதவேண்டும் என்று தோன்றியது.

முதல் நாள் கைர்நார்வன். வேல்ஸ் இளவரசர் லிவெலின் 1282 டிசம்பரில் கொல்லப்பட்ட பின், நாட்டைத் தன் பிடியில் வைத்துக்கொள்ள இங்கிலாந்து மன்னன் முதலாம் எட்வர்ட் 1283-இல் கட்டத் தொடங்கிய கோட்டை அது. கோபுரங்கள் வட்டமாக இல்லாமல் பல பட்டைகளாக எழுகின்றன. சுவர்களில் நிறம் மாறி மாறிக் கல்வரிசைகள் ஓடுகின்றன. கான்ஸ்டாண்டிநோபிள் நகரின் மதில்களை நினைவூட்டவே இப்படி அமைத்தார்கள் என்று அறிஞர் பலர் கருதுகின்றனர். வேலை முடிவதற்குள், 1294-இல் மடோக் என்பவரின் தலைமையில் வேல்ஸ் மக்கள் கிளர்ந்தெழுந்து, நகர மதிலை இடித்துக் கோட்டையைக் கைப்பற்றினார்கள். மறு ஆண்டே எட்வர்ட் அதை மீட்டுக்கொண்டான். 1330 வரை கட்டியும் உட்பகுதி முழுமை பெறவில்லை. எழும்பாத சுவர்களோடு இணைப்பதற்காக நீட்டிவிட்ட கற்கள் இன்றும் துருத்திக்கொண்டு நிற்கின்றன. நீ பார்த்திருந்தால் அங்கிருந்து நகர்ந்திருக்க மாட்டாய்.

ஆனால் என் மனம் நின்ற இடம் மறுநாள் பார்த்த டோல்பாடர்ன். லான்பெரிஸ் ஊரருகே, ஏரிக்கு மேலே ஒரு பாறையில், சுமார் 15 மீட்டர் உயரத்தில் கூரையற்ற ஒற்றை வட்டக் கோபுரம். வாயிலோ தரையில் இல்லை, முதல் தளத்தில் இருக்கிறது. இறந்த இளவரசரின் பாட்டனாரான மகா லிவெலின் 13-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் கட்டியது. வென்ற எட்வர்டின் ஆட்கள் இதிலிருந்த மர உத்திரங்களைப் பெயர்த்தெடுத்துக் கைர்நார்வன் வேலைக்குக் கொண்டுபோனார்கள். அதோடு விட்டானா? அந்தப் பாட்டனாரை அடக்கம் செய்திருந்த கான்வி மடாலயத்தையே வேறிடத்துக்கு மாற்றிவிட்டு, அங்கே தன் கோட்டையையும் நகரத்தையும் எழுப்பினான்.

எட்வர்டின் கோட்டைகளில் நான்கு 1986-இல் உலகப் பாரம்பரியச் சின்னங்களாயின. அவற்றின் அழகை நான் மறுக்கவில்லை. ஆயினும் வேல்ஸுக்குப் போகிறவர்கள் அந்த நான்கோடு திரும்பிவிடுவது எனக்கு வருத்தமாக இருக்கிறது. எட்வர்டின் காலத்தில் ஆங்கிலேயர்க்கென்றே அமைந்த கைர்நார்வன் நகரில், கோட்டைக்கு எதிரேயுள்ள தேநீர்க் கடையில், எங்களைச் சுற்றி அமர்ந்திருந்த அனைவரும் வேல்ஸ் மொழியிலேயே பேசிக்கொண்டிருந்தார்கள். நாங்கள் எழவேண்டிய நேரம் கடந்தும் அதைக் கேட்டுக்கொண்டிருந்தோம்.

டோல்பாடர்ன் படங்களை இத்துடன் அனுப்புகிறேன். அங்கிருந்து கைர்நார்வன் ஏறத்தாழ 11 கிலோமீட்டர். அந்த உத்திரங்களைப் பாறையிலிருந்து எப்படி இறக்கியிருப்பார்கள் என்று யோசித்து எழுது.

அன்புடன்,
உன் நண்பன்